வாரத்துக்குக் கால் கிலோ

வீட்டில் காபி நன்றாக வருவதற்கு என்ன மிஷின் வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கேட்பவர் வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்தால், கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று பின்வரிசையில் கவிழ்ந்து கிடக்கும். அதை வெளியே எடுங்கள், மிஷின் வேண்டாம் என்பதுதான் என் பதில். சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. பணம் செலவழித்தால்தான் ருசி வரும் என்று நம்புகிறவரிடம், காசே செலவில்லாத வழியைச் சொல்வது சங்கடமான வேலை.

அந்த வழி இதுதான். மாதத்துக்கு ஒரு கிலோ பொடி வாங்குகிற வீடு, அதே ஒரு கிலோவை வாரத்துக்குக் கால் கிலோவாக வாங்கட்டும். வேறு எதையும் மாற்றாவிட்டாலும் காபி மாறிவிடும்.

காரணம் எளிது. காபிக்கொட்டையை வறுக்கும்போது மணம் தரும் நூற்றுக்கணக்கான பொருள்கள் உண்டாகின்றன. அவற்றில் பல காற்றோடு போய்விடக்கூடியவை. கொட்டை முழுசாக இருக்கும்வரை உள்ளே ஓரளவு அடைபட்டிருக்கும். அரைத்த நிமிஷம் கதவு திறந்த மாதிரிதான். காபிக்கடையைத் தாண்டும்போது தெருமுனை வரை வருகிறதே ஒரு வாசனை, அது முழுக்க உங்கள் டம்ளருக்கு வராமல் போன சரக்கு. எண்ணெய்ப் பசையும் காற்றுப் பட்டுக் கெடுகிறது. கூடவே ஈரம், வெளிச்சம், அடுப்படிச் சூடு. மாதக் கடைசியில் டப்பாவின் அடியிலிருந்து சுரண்டி எடுக்கும் பொடியில் கசப்பு மட்டும் பத்திரமாக இருக்கும். அதைச் சரிக்கட்ட ஒரு ஸ்பூன் கூடப் போடுவோம். கசப்பு இன்னும் ஏறும். பிறகு சர்க்கரை ஏறும்.

பழைய வீடுகள் சிலவற்றில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. பச்சைக் கொட்டையை வாங்கி, இரும்புச் சட்டியில் வறுத்து, மேஜை விளிம்பில் திருகி மாட்டிய கைமிஷினில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்தார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ படித்தவர்களுக்கு, தமிழ் நடுத்தர வர்க்கம் இந்தப் பானத்தின்மேல் தன் கௌரவத்தையே ஏற்றி வைத்த கதை தெரியும். கௌரவம் இருக்கட்டும். அந்தக் கைமிஷின் சங்கதியில் நல்ல அறிவும் இருந்தது. இன்றைக்கு யாரும் காலை ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து வறுக்கப் போவதில்லை. ஆனால் வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை நம் ஊர்களில் பெரும்பாலும் நடந்து போகும் தூரத்திலேயே இருக்கிறது. உலகத்தில் பல ஊர்க்காரர்களுக்கு வாய்க்காத வசதி. அதை விட்டுவிட்டு சூப்பர் மார்க்கெட் அலமாரியிலிருந்து பாக்கெட்டை உருவிக்கொண்டு வருகிறோம்.

கடைக்குப் போனால் என்ன கேட்பது? பலருக்கு இங்கேதான் கூச்சம். முன்னால் நிற்கும் மாமி “பாதி பீபெரி, பாதி பிளாண்டேஷன், சிக்கரி இருபது போடுங்கோ” என்று மந்திரம்போலச் சொல்லிவிட்டுப் போவார். நாம் “ஒரு கால் கிலோ காபித்தூள்ணே” என்போம். கடைக்காரர் தனக்கு லாபமான கலவையைப் போடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

பீபெரி என்பது தனி ஜாதி அல்ல. காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு விதைகள் முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டையான பக்கம் ஒட்டி இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டுமே வளர்ந்து உருண்டையாகிவிடும். அந்த உருண்டைதான் பீபெரி. குறைவாகக் கிடைப்பதால் விலை கூடுதல். உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும் என்கிறார்கள். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கிற நமக்கு, அந்தக் கூடுதல் விலைக்கு ஈடான வித்தியாசம் நாக்கில் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. பீபெரியின் பெயர் அதன் ருசியைவிடப் பெரியது.

பிளாண்டேஷன் என்று நம் கடைகளில் சொல்வது, பழத்தின் தோலை நீக்கிக் கழுவி உலர்த்திய அரபிகா. பழத்தோடு அப்படியே காயவைத்து உரித்தால் அதற்கு ‘செரி’ என்று பெயர். ‘பிளாண்டேஷன் ஏ’ என்பதில் உள்ள ‘ஏ’ முதல்தரம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. சல்லடையில் சலித்துப் பிரிக்கும்போது கொட்டையின் அளவுக்குக் கொடுக்கும் எழுத்து அது. பெரிய கொட்டை என்பதற்கு மேல் அது எதற்கும் உத்தரவாதம் தராது.

ரோபஸ்டாவை ஏழை வீட்டுக் கொட்டை என்று ஒதுக்குவது இன்னொரு பழக்கம். இந்தியாவில் விளைவதில் பெரும்பங்கு அதுதான். அரபிகாவில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபின் அதில் உண்டு. மணம் குறைச்சல், கசப்பும் கனமும் அதிகம். வெறும் டிகாஷனாகக் குடித்தால் முரட்டுத்தனம் தெரியும். ஆனால் கொழுப்புள்ள பாலைத் தாக்குப்பிடிக்க அந்த முரட்டுத்தனம்தான் வேண்டும். முழுக்க அரபிகா போட்டுப் பால் ஊற்றினால் ‘காபி இறங்கவே இல்லையே’ என்று தோன்றுகிறதா? முக்கால் பங்கு பிளாண்டேஷன், கால் பங்கு ரோபஸ்டா என்று கேட்டுப் பாருங்கள். விலையும் இறங்கும், டம்ளரில் பிடிமானமும் இருக்கும்.

இனி சிக்கரி. வீட்டுக்கு வீடு சண்டை மூட்டும் விஷயம். சிக்கரி ஒரு செடியின் வேர். குஜராத்தில் நிறையப் பயிராகிறது. காயவைத்து வறுத்து அரைத்தால் காபிபோலவே கறுத்துக் கசக்கும், காஃபின் துளியும் கிடையாது. நெப்போலியன் காலத்தில் கடல் வழி வணிகம் முடங்கிக் காபிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிரான்ஸில் இது காபியின் இடத்தைப் பிடித்தது. பிறகு காபி வந்த பின்னும் சிக்கரி போகவில்லை. நம்மிடமும் அதே கதைதான்.

சிக்கரியைக் கலப்படம் என்று திட்டுவது நியாயமில்லை. கும்பகோணத்திலிருந்து மயிலாப்பூர் வரை நாம் பழகிய ருசியில் அதற்குப் பங்குண்டு. டிகாஷனுக்குக் கொழகொழவென்ற கனத்தையும் லேசான கருகல் இனிப்பையும் தருவது அதுதான். தவறு அளவில்தான் நடக்கிறது. காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்கிறது நம் நாட்டு உணவுத் தர விதி. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருந்தாலும் சட்டத்தில் குற்றமில்லை. எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டாக வேண்டும். அச்சிட்டிருப்பார்கள், பார்சல் கயிற்றை அவிழ்க்கும் பொறுமையோடு தேடினால் கண்ணில் படும். காபியைவிட சிக்கரி மலிவு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் படியுங்கள்.

சிக்கரியிடம் ஒரு மாயவித்தை இருக்கிறது. காபியைவிட அது தண்ணீரில் அதிகம் கரையும், நிறத்தை வேகமாக விடும். அதனால் 60க்கு 40 கலவையில் இறங்கும் டிகாஷன் மை மாதிரி இருக்கும். 85க்கு 15 போட்டால் சற்றே சிவந்து, தெளிந்து இறங்கும். உடனே ‘கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், ஸ்ட்ராங்காகவே இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவோம். கண்ணை நம்பாமல் குடித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அரை ஸ்பூன் பொடியை மேலாகத் தூவுங்கள். காபித்தூள் கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்பு நிறக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். நாற்பதில் பழகிய வீடு ஒரேயடியாகப் பத்துக்குப் போக வேண்டாம். முப்பது, பிறகு இருபது. என் கணக்கில் பதினைந்துக்கும் இருபதுக்கும் நடுவில் நிறுத்தலாம். அதற்குக் கீழே போனால் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் புகார் வரும்.

வாங்கிய பொடியைக் காற்றுப் புகாத சின்ன டப்பாவில் நிரம்பப் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து நாளுக்கு நாலு முறை வெளியே எடுத்தால், குளிர்ந்த பொடியின்மேல் காற்றின் ஈரம் படியும், சாம்பார் வாசனையும் ஏறும். ஒரு வாரத்துக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை.

ஃபில்டருக்கு வருவோம். மேல் பாத்திரத்தின் ஓட்டைகள் அடைத்திருந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிளாஸ்டிக் குமிழோ பிடியோ இல்லாத பாத்திரம் என்றால் அடிப்பக்கத்தை அடுப்புத் தீயில் கொஞ்ச நேரம் காட்டினால் அடைத்த தூள் கருகி உதிரும். ஆறியபின் தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம்.

மூன்று பேருக்கு 30 கிராம் பொடி, 150 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் என்பதால் கீழே 90 மில்லி வரும். தலைக்கு 30 மில்லி டிகாஷன், 100 மில்லி பால். ஸ்பூன் கணக்கில் போடுகிறவர்கள் ஒரே ஒரு நாள் தராசில் நிறுத்துப் பார்த்தால் தங்கள் ஸ்பூனுக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். அப்புறம் தராசை மூட்டை கட்டலாம்.

பொடியைப் போட்டு லேசாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். நடுவில் காம்புள்ள ஓட்டைத் தட்டு, அதாவது குடையை, மேலே வையுங்கள், அழுத்த வேண்டாம். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விட்டு, முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் சுற்றி ஊற்றுங்கள். புதுப் பொடி என்றால் நுரைத்துப் பொங்கும். வறுக்கும்போது உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியேறுகிறது. பழைய பொடி செத்ததுபோல் கிடக்கும். கடைக்காரர் ‘நேற்று வறுத்தது’ என்று சொன்னது நிஜமா என்பதற்கு இந்தப் பொங்கல்தான் சாட்சி. அரை நிமிஷம் கழித்து மீதித் தண்ணீரை ஊற்றி மூடிவிடுங்கள்.

கால் மணியிலிருந்து இருபது நிமிஷத்துக்குள் இறங்கினால் எல்லாம் சரி. ஐந்து நிமிஷத்தில் கடகடவென்று இறங்கிவிட்டால் பொடி கரகரப்பு. அடுத்த முறை கடையில் இன்னும் நைசாக அரைக்கச் சொல்லுங்கள். முக்கால் மணி ஆகியும் சொட்டவில்லை என்றால் பொடி மாவாகிவிட்டது, அல்லது குடையை அமுக்கிவிட்டீர்கள், அல்லது சிக்கரி அதிகம். ஃபில்டரைத் தூக்கித் தட்டுவதும் மூடியைத் திறந்து ஊதுவதும் நம் குலவழக்கம். அதனால் பெரிய பலன் இல்லை.

இரண்டாம் டிகாஷன் பற்றிக் கேட்பீர்கள். முதல் தடவையிலேயே மணமும் இனிப்பும் வந்துவிடுகின்றன. இரண்டாவதில் வருவது பெரும்பாலும் கசப்பும் நிறமும். விருந்தாளி திடீரென்று வந்தால் முதலோடு கலந்து சமாளிக்கலாம். தினசரி வழக்கமாக்கினால் வாரம் தவறாமல் புதுப்பொடி வாங்கியதற்கு அர்த்தமில்லை. ராத்திரியே டிகாஷன் போட்டு வைக்கிறவர்கள், காலையில் அதை அடுப்பில் ஏற்றிக் கொதிக்க விடாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிச் சூடு பண்ணுங்கள்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். உப்பேறிய போர்த் தண்ணீரில் உள்ள காரத்தன்மை காபியின் இயல்பான லேசான புளிப்பை அமுக்கிவிடும். ருசி மொட்டையாக இருக்கும். தாது எல்லாம் உருவப்பட்ட வடிகட்டித் தண்ணீரிலும் சாரம் சரியாக இறங்காது. உங்கள் வீட்டில் பருப்பு எந்தத் தண்ணீரில் சீக்கிரம் வேகிறதோ, குடிக்க எது நன்றாக இருக்கிறதோ அதையே காபிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பால் விஷயம் சுருக்கம். 3 சதவீதக் கொழுப்புள்ள பாலைவிட 4.5 சதவீதம் உள்ள பால் காபிக்கு உகந்தது. அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காலையில் காய்ச்சிய பாலைச் சாயங்காலம் வரை நாலு தரம் காய்ச்சினால் வெந்த வாடை வரும், எந்தப் பொடியாலும் அதை மறைக்க முடியாது.

இத்தனைக்கும் நேரமில்லை, இருபது நிமிஷம் காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு மட்டும் ஒரு கருவி சொல்கிறேன். மோக்கா பாட். 1933இல் இத்தாலியில் பியாலெட்டி கொண்டுவந்த அடுப்புச் சாமான். கீழறையில் தண்ணீர், நடுவில் பொடி. ஆவியின் அழுத்தம் தண்ணீரைப் பொடி வழியாக மேலே தள்ளும். ஐந்தாறு நிமிஷத்தில் பாலுக்குத் தாங்கும் டிகாஷன் தயார். சின்னத் தீ போதும், சீறத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். அதற்குச் சிக்கரி கலக்காத, ஃபில்டர் பொடியைவிடக் கொஞ்சம் கரகரப்பான பொடி வாங்குங்கள். பால் இல்லாமல் குடிப்பவர்களுக்கு பிரெஞ்சு பிரஸ் போதும், ரவைப் பதத்தில் அரைத்து நாலு நிமிஷம் ஊறவைத்து அழுத்தினால் ஆயிற்று. பொத்தானை அழுத்தினால் கொட்டும் பல்லாயிரம் ரூபாய் மிஷின்களும் நல்லவைதான். ஆனால் அவற்றுக்குள்ளும் ஒரு மாதப் பழைய பொடியைப் போட்டால் ஒரு மாதப் பழைய காபிதான் வரும்.