சவுண்ட் கார்ட் வாங்கப் போகிறீர்களா?

கணினிக்கு எந்த சவுண்ட் கார்ட் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதற்காக?

படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. இன்றைய கணினிகளின் மதர்போர்டிலேயே ஒலிக்கான சிப் இருக்கிறது. சீடி தரமான 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் ஒலியை அது தாராளமாகத் தரும். எச்டிஎம்ஐ வயரால் தொலைக்காட்சியுடன் இணைத்தால் சவுண்ட் கார்ட்டுக்கு வேலையே இல்லை.

விளையாட்டுக்கு ஒரு காலத்தில் தனிக் கார்ட் அவசியமாக இருந்தது. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபின் அந்த வேலை பெரும்பாலும் மென்பொருளுக்கு மாறிவிட்டது. காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று அறிய நல்ல ஹெட்போன் போதும்.

மவுஸை அசைக்கும்போது ஹெட்போனில் இரைச்சல் கேட்கிறதா? அப்படியானால் யூஎஸ்பி கார்ட் ஒன்று வாங்கலாம். கணினிக்கு வெளியே இருப்பதால் உள்ளே உருவாகும் இரைச்சல் அதில் குறைவு. மடிக்கணினிக்கும் பொருந்தும்.

நம்மவர்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. இடம்பெயர்வுகளைத் தாண்டிக் காப்பாற்றி வந்த கசெற்றுகள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்த பிள்ளைக்காகப் பேசிப் பதிந்தது, இப்போது இல்லாத ஒருவர் பாடியது. கசெற் நாடா காலத்தோடு பழுதாகும். அதைக் கணினிக்கு மாற்றத்தான் கார்ட்டைக் கவனமாகத் தெரிவுசெய்ய வேண்டும்.

பார்க்க வேண்டியது 'லைன் இன்' துளை. மலிவான யூஎஸ்பி கார்ட்டுகள் பலவற்றில் மைக் துளை மட்டுமே இருக்கும். மைக்கின் மெல்லிய சமிக்ஞைக்கென அமைந்த அதில் கசெற் பிளேயரை இணைத்தால் குரல் கரகரக்கும். ஸ்டீரியோவும் பெரும்பாலும் கிடைக்காது.

பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து லைன் இன்னுக்கு வயர் கொடுங்கள். இலவச மென்பொருளான ஒடாசிட்டியில் பதியுங்கள். ஒலி அளவு சிவப்பைத் தொடாமல் பாருங்கள். வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு திருத்துவது கடினம். பூஞ்சணம் பிடித்த கசெற்றைச் சுத்தம் செய்யாமல் ஓட்ட வேண்டாம்.

முதலில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 600 எம்பி பிடிக்கும். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடம் கொடுங்கள். கசெற்றையும் எறிந்துவிடாதீர்கள்.