மைனஸ் 20 டிகிரியில் ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யுமா? மினசோட்டா கடைக்காரர்களின் குளிர்காலக் கவலை

ஜனவரி மாதம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரில் ஒரு சின்ன ரெஸ்டாரன்ட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் லீவு. 'ஆளே இல்லாத கடைக்கு எதுக்கு ஹீட்டர், கரன்ட் பில்லாவது மிச்சமாகட்டும்' என்று அதை அணைத்துவிட்டுக் கிளம்புகிறார் உரிமையாளர். வெளியே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். திரும்பி வந்து கதவைத் திறந்தால் கடை முழுக்கத் தண்ணீர். ஃபால்ஸ் சீலிங் பாதி கீழே கிடக்கிறது. தீயே பிடிக்காத கடையில், தீயை அணைக்க வைத்த குழாய் வெடித்திருக்கிறது.

மினசோட்டாவில் தொழில் நடத்துபவர்களுக்குத் தீ பாதுகாப்பு விதி என்றால் பாதி இந்தக் கதைதான். 1996 பிப்ரவரி 2 அன்று அந்த மாநிலத்தின் டவர் என்ற ஊரில் மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட ஊரில் தண்ணீரை நம்பி ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை வைப்பது எப்படி?

4 டிகிரி கணக்கு

சாதாரண ஸ்பிரிங்க்ளர் குழாயில் எப்போதும் தண்ணீர் நிரம்பியே இருக்கும். சினிமாவில் வருவதுபோல எல்லா ஸ்பிரிங்க்ளரும் ஒரே நேரத்தில் மழை பொழியாது. தீக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்க்ளர் மட்டும், பொதுவாக 68 டிகிரி சூட்டில் அதன் கண்ணாடிக் குமிழ் உடைந்து திறக்கும். அவ்வளவுதான்.

ஆனால் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஃப்ரீசரில் மறந்து வைத்த பாட்டில் உடைவது மாதிரி குழாயும் உடையும். பல நேரங்களில் விரிசல் விட்டது அப்போது தெரியாது. பனி உருகித் தண்ணீர் கொட்டும்போதுதான் தெரியும்.

அதனால்தான் தண்ணீர் நிரம்பிய குழாய் போகும் எல்லா இடத்திலும் குறைந்தபட்சம் 40 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 4 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கத்தின் தரவிதி. 'எல்லா இடத்திலும்' என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தெர்மோஸ்டாட் 20 டிகிரி காட்டும். ஆனால் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, வெளிச்சுவரை ஒட்டி, இரட்டைக் கதவுகளுக்கு நடுவே, லோடிங் ஏரியாவில் என்ன குளிர் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. குழாய் ஓடுவது அங்கேதான்.

காற்று நிரப்பிய குழாய்

சூடே பண்ண முடியாத குடோன், பார்க்கிங் போன்ற இடங்களுக்கு வேறு வழி உண்டு. குழாயில் தண்ணீருக்குப் பதில் அழுத்தப்பட்ட காற்று. ஸ்பிரிங்க்ளர் திறந்ததும் காற்று வெளியேறும், வால்வு திறக்கும், அதற்குப் பிறகே தண்ணீர் வரும். அந்தத் தாமதம் தீ வளரக் கிடைக்கும் நேரம். வால்வு இருக்கும் அறையைச் சூடாகவே வைக்க வேண்டும். குழாயின் தாழ்வான பகுதிகளில் தேங்கும் ஈரத்தைப் பனிக்காலத்துக்கு முன்பே வடித்துவிட வேண்டும். 'உலர்ந்த குழாய்' என்ற பெயரை நம்பி இதை மறப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

உறையாத திரவத்தைக் கலந்து விட்டால்? அதிலும் வில்லங்கம் உண்டு. 2009-ல் கலிஃபோர்னியாவின் ட்ரக்கியில் ஒரு வீட்டுச் சமையலறைத் தீயில், ஸ்பிரிங்க்ளரிலிருந்து வந்த அடர்த்தியான கலவையே பற்றிக்கொண்டு ஓர் உயிர் போனது. அதன் பிறகு அந்தக் கலவைகளுக்கான விதிகள் கடுமையாக இறுக்கப்பட்டன.

குழாய் உடைந்தால் கடையைத் திறக்கலாமா?

சும்மா திறந்துவிட முடியாது. ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்டால் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் சரியாகும்வரை கண்காணிப்புக்கு ஆள் போட வேண்டும். அந்த ஆளுக்கு ஒரே வேலை, சுற்றிச் சுற்றி வந்து தீ இருக்கிறதா என்று பார்ப்பது. கல்லாவில் இருக்கும் பையனையே 'அப்பப்போ ஒரு ரவுண்டு போயிட்டு வாப்பா' என்று அனுப்பினால் விதிப்படி அது செல்லாது. ஹீட்டரில் மிச்சம் பிடித்த பணம் இந்தச் சம்பளத்திலேயே போய்விடும்.

கதவும் மண்வெட்டியும்

கதவு விஷயம் இன்னும் விசித்திரமானது. 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனில் கோக்கனட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். முன்வாசலின் சுழல் கதவில் கூட்டம் சிக்கியது. வேறு சில கதவுகள் பூட்டியிருந்தன. உள்நோக்கித் திறக்கும் கதவை, நெருக்கிய கூட்டத்தால் இழுத்துத் திறக்க முடியவில்லை. இன்றைய விதிப்படி 50 பேருக்கு மேல் கூடும் இடத்தில் வெளியேறும் கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும்.

நியாயமான விதிதான். ஆனால் பனி கொட்டும் ஊரில் வெளிப்பக்கம் திறக்கும் கதவின் முன்னால் இரண்டடி பனி குவிந்தால் அதுவும் பூட்டிய கதவுதான். முன்வாசலை எல்லாரும் சுத்தம் பண்ணுவார்கள், கஸ்டமர் வர வேண்டுமே. அவசர வழியான பின்வாசல் மார்ச் வரை பனிக்குள்ளேயே கிடக்கும். கதவுக்கு வெளியே கால் வைக்கும் பாதையும் 'வெளியேறும் வழி'யில் சேர்த்திதான், தெருவைத் தொடும்வரை.

ஊழியர்கள் மேஜைக்கடியில் வைத்துக்கொள்ளும் குட்டி ஹீட்டருக்கும் கட்டுப்பாடு உண்டு. எரியக்கூடிய எந்தப் பொருளும் 3 அடிக்குள் இருக்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் கார்டு கூடவே கூடாது, நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும்.

தெருவோரத்துத் தீயணைப்புக் குழாயைச் சுற்றியும் அதே 3 அடி இடம் காலியாக இருக்க வேண்டும். பனி பெய்யும் பல ஊர்களில் அந்தக் குழாய்களின் தலையில் ஆளுயரக் கம்பி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். கடை வாசலில் அள்ளிய பனியை யாராவது அதன் மேலேயே கொட்டி வைத்தாலும், தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்போது எங்கே தோண்டுவது என்றாவது தெரியுமே!