மாநாடு சொல்லும் கணக்கு

தொழில் மாநாடு ஒன்று நடந்து முடிந்த மறுநாள் செய்தித்தாளைப் பிரித்தால், முதற்பக்கத்தில் பெரிய எண் ஒன்று நம்மை வரவேற்கும். இத்தனை ஆயிரம் கோடி ரூபாய் மூலதனம் வரப்போகிறது, இத்தனை லட்சம் பேருக்கு வேலை கிடைக்கப்போகிறது என்று படிக்கிறோம், மகிழ்கிறோம், அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த எண்ணுக்கு உண்மையில் என்ன பொருள், அதை எவ்வாறு படித்தறிய வேண்டும் என்பதை மாணவர்களாகிய உங்களோடு சேர்ந்து ஆராய்வதே என் பேச்சின் நோக்கம். இன்னும் சில ஆண்டுகளில் அந்த எண்ணுக்குள் நீங்களும் ஓர் ஆளாக நிற்கக்கூடும். ஆகையால், இந்த ஆராய்ச்சி உங்கள் வாழ்வைத் தொடுவது.

தமிழ்நாட்டு அரசு 2015, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் சென்னையில் உலக முதலீட்டாளர் மாநாட்டைக் கூட்டியது. முதல் மாநாட்டில் 2,42,160 கோடி ரூபாய்க்கும், அடுத்ததில் 3,00,431 கோடி ரூபாய்க்கும் வாக்குறுதிகள் கிடைத்தன. 2024 ஜனவரி 7, 8 ஆகிய நாட்களில் நந்தம்பாக்கத்தில் கூடிய மாநாட்டில் 631 ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அவற்றின் மொத்தத் தொகை 6,64,180 கோடி ரூபாய். நேரடியாக 14,54,712 பேருக்கும், மறைமுகமாக 12,35,945 பேருக்கும் வேலை கிடைக்கும் என்று அறிவித்தார்கள்.

இப்போது ஒரு சிறு வகுத்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொத்தத் தொகையை நேரடி வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலைக்கு ஏறத்தாழ 45 லட்சத்து 66 ஆயிரம் ரூபாய் வருகிறது. இது சராசரிதான். கண்ணாடி ஆலையில் பெரும் உலைகளும் யந்திரங்களும் மூலதனத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அங்கே வேலை பார்ப்போர் தொகை குறைவு. கைப்பேசியின் பாகங்களை ஒன்றுசேர்க்கும் ஆலையிலோ, ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக அமர்ந்து பணிபுரிவார்கள். ஆகவே, கோடிகள் மிகுந்த இடத்தில் வேலைகளும் மிகுதி என்று எண்ணிவிடக் கூடாது. எந்தத் தொழில் வருகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவதாக, மாநாட்டில் கையெழுத்தாவது புரிந்துணர்வு ஒப்பந்தம் மட்டுமே. நம் வீடுகளில் திருமணத்துக்கு முன்பு தட்டு மாற்றிக்கொள்கிறோமே, அதைப் போன்றது அது. இரு தரப்பும் மனம் ஒப்பியிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். தாலி கட்டியாயிற்று என்று அதற்குப் பொருளன்று. அதன்பின் நிலம் ஒதுக்கப்பட வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி கிடைக்க வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் வர வேண்டும். கட்டடம் எழும்ப வேண்டும். யந்திரங்களை நிறுவி ஓட்டிப் பார்க்க வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகே முதல் தொழிலாளி முதல் மாதச் சம்பளத்தை வாங்குகிறார். இடையில் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

ஒப்பந்தம் ஆலையாக மாறும் கதையைக் கண்கூடாகக் காண விரும்புவோர், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் போதும். முதலில் இருங்காட்டுக்கோட்டை, அடுத்து ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து தெற்கே சிங்கப்பெருமாள் கோயிலை நோக்கித் திரும்பினால் ஒரகடம். ஸ்ரீபெரும்புதூர், 1017-ஆம் ஆண்டில் இராமாநுசர் பிறந்த ஊர். ஏரி நீரை நம்பி நெல் விளைந்த சீமை அது. துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் அருகே சமநிலம் கிடைத்தது. கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் வளர்த்த கைத்திறனும் பக்கத்திலேயே இருந்தது. சிப்காட் நிறுவனம் நிலத்தை வகுத்துச் சாலையும் மின்சாரமும் அமைத்துக் கொடுத்தது. இவை ஒன்றுகூடியதால் ஆலைகள் வந்தன. ஒரகடத்தில் மட்டும், 2010-இல் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும் தொடங்கப்பட்டன.

இந்தப் பகுதியின் இரண்டு ஆலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கு நல்ல பாடமாகும். நோக்கியா நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச நிலையில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாகப் பணிபுரிந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பின்னர் உலகச் சந்தையின் போக்கு மாறியது. தொடுதிரைக் கைப்பேசிகள் வந்து பழைய வகையை ஒதுக்கித் தள்ளின. வரி வழக்கு ஒன்றும் சேர்ந்துகொண்டது. 2014-இல் நிறுவனத்தின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, இந்த ஆலை விற்பனையில் சேராமல் விடப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் உற்பத்தி நின்றது. எட்டு ஆண்டுகளுக்கு முன் எல்லோரும் போற்றிய ஆலை அது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் யானை சறுக்கி விழும்போது, அதன் நிழலில் நின்றவர்களுக்குத்தான் அடி பலமாக விழுகிறது.

மற்றொன்று இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் கார் ஆலை. 1996-இல் நிறுவனம் பதிவாயிற்று. 1998-இல் முதல் கார் வெளிவந்தது. 2021 ஜூன் மாதத்தில் ஒரு கோடியாவது கார் வெளிவந்தது. கார் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான பாகங்கள் தேவை. அவற்றைச் செய்து தரும் சிறிய, நடுத்தர ஆலைகள் சுற்றுப்புறத்தில் பெருகின. ஓர் ஆலையை மூடுவதென்றால், இத்தகைய சுற்றத்தையே பிரிந்து செல்ல வேண்டியிருக்கும். அதனால் ஆலைக்கு ஆழமான வேர் உண்டாகிறது. வரும் நிறுவனம் எத்தனை உதிரிப்பாகங்களை இங்கேயே வாங்கப் போகிறது என்பது நாம் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி.

நோக்கியாவின் ஆலைக் கட்டடம் வீணாகிவிடவில்லை. மின்னூட்டிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் பின்னர் அதை எடுத்துக்கொண்டது. இன்று இந்தப் பகுதியில் ஐபோன்களும் உருவாகின்றன. ஆனால் கட்டடம் காத்திருந்ததைப் போல, சம்பளம் நின்றுபோன குடும்பம் காத்திருக்க இயலுமா? இங்கேதான் நான்காவது கேள்வி பிறக்கிறது: வேலை எப்படிப்பட்ட வேலை? 2021 டிசம்பரில் விடுதி உணவால் தொழிலாளர் பலர் நோயுற்றதை அடுத்து, பாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் இதே நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். 2024 செப்டம்பரில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தம் சங்கத்தை ஏற்க வேண்டும் என்று கோரி ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குச் சற்று முன்னர், அவ்வாண்டு ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. சோறும் படுக்கையும் சங்க உரிமையும் மாநாட்டு அறிக்கையின் கோடிகளுக்குள் தெரிவதில்லை. ஆனால் திருவண்ணாமலையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ பெட்டியோடு புறப்பட்டு வரும் ஓர் இளம்பெண்ணுக்கு, வளர்ச்சி என்ற சொல்லின் பொருள் அவையே.

இவற்றைச் சொல்வதால் மாநாடுகள் வேண்டாதவை என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். விதைக்காமல் அறுவடை இல்லை. பிற நாட்டு மூலதனத்தை அழைக்க நாம் கடைவிரிக்கத்தான் வேண்டும். ஆனால் விதைத்த அன்றே விளைச்சலைக் களஞ்சியத்தில் எழுதிவைக்கும் உழவர் எவரும் இலர். முளைத்தது எவ்வளவு, கருகியது எவ்வளவு என்று வரப்பில் நின்று பார்ப்பதே அவர் வழக்கம்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு சிறு பயிற்சியைத் தருகிறேன். அடுத்த தொழில் மாநாட்டின் அறிவிப்பை வெட்டி ஒரு குறிப்பேட்டில் ஒட்டி வையுங்கள். எந்தத் தொழில், எந்த ஊர், எத்தனை வேலை என்று அதனருகே எழுதுங்கள். ஆண்டுக்கொரு முறை அந்த ஏட்டைத் திறந்து, எவை கட்டடமாயின, எவை சம்பளமாயின, எவை ஏட்டளவில் நின்றன என்று குறித்து வாருங்கள். ஐந்தாண்டுகள் இவ்வாறு செய்தால், நம் நாட்டுப் பொருளாதாரத்தைப் பற்றி உங்களிடம் நீங்களே தேடிய ஒரு நூல் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்கும் கேள்விக்கு, ஆட்சியில் இருப்போரும் ஆலை நடத்துவோரும் விடை சொல்லியே ஆகவேண்டும்.