கேதார வழியில் முதல் பனி: உடன் செல்வோர் கவனத்திற்கு

ஆயுத பூசை விடுமுறையை ஒட்டி வடநாட்டுத் திருத்தலங்களுக்குப் புறப்படும் அன்பர்கள், பயணத்துக்கு முன் ஆலோசனை நாடி எங்களிடம் வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன, கேதார்நாத் போகலாமா?" இதற்கு ஒரே சொல்லில் விடையளிக்க இயலாது. எனவே, புறப்படுவோரும் அவர்களுடன் செல்லும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துரைக்கிறோம்.

சமவெளியிலிருந்து பனிமலைக்கு

திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரமே இன்றைய கேதார்நாத். நடைப்பயணம் தொடங்கும் கௌரிகுண்டத்தையே தேவாரத் தலமாகிய அநேகதங்காவதம் என்று கொள்வர். கௌரிகுண்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,980 மீட்டர் உயரத்திலும், கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையே சுமார் 16 கிலோமீட்டர் மலைப்பாதை. ஜங்கிள்சட்டி, பீம்பலி வரை மந்தாகினி ஆற்றின் ஓரமாக அடர்ந்த காட்டுக்குள் பாதை ஏறுகிறது. 2013ஆம் ஆண்டு ஜூன் மாத வெள்ளத்தில் ராம்பாரா என்னும் தங்குமிடம் அழிந்தபின், பாதை ஆற்றின் மறுகரைக்கு மாற்றப்பட்டு லிஞ்சோலி வழியாகச் செல்கிறது. லிஞ்சோலிக்கு மேல் மரங்கள் குறைந்து, காற்றைத் தடுப்பதற்கு ஏதுமற்ற திறந்த மலைச்சரிவே எஞ்சுகிறது.

நம் செந்துறைப் பகுதியில் ஐப்பசி என்றால் மழைக்காலத்தின் தொடக்கம். அங்கோ அது முதல் பனிப்பொழிவின் காலம். தீபாவளியை ஒட்டி வரும் பாய் தூஜ் நாளில் கோயில் நடை சாத்தப்பட்டு, உற்சவ மூர்த்தி குளிர்காலத்துக்காக உகிமடத்துக்கு எழுந்தருள்வார். அதற்கு முந்தைய சில வாரங்களில் கூட்டம் குறைவு, வானம் தெளிவு என்று எண்ணிப் பலர் செல்கின்றனர். ஆயினும், காலையில் வெயில் காயும் பாதையில் மாலைக்குள் பனி விழக்கூடும். 2021ஆம் ஆண்டு அக்டோபர் நடுப்பகுதியில் உத்தராகண்டில் பெய்த பெருமழையும் பனியும் உயர்மலைப் பாதைகளில் நடந்துகொண்டிருந்த குழுக்களைச் சூழ்ந்து உயிர்களைப் பறித்ததை மறத்தலாகாது.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

உயரே செல்லச்செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கேதார்நாத்தில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும், கடல்மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள்கள் தேவை. செந்துறையில் தொடர்வண்டி ஏறியவர் நான்கைந்து நாள்களுக்குள் கேதார்நாத்தில் நிற்கிறார். பாட்டாவிலிருந்தோ குப்தகாசியிலிருந்தோ ஹெலிகாப்டரில் செல்பவர் சில நிமிடங்களில் அவ்வுயரத்தை அடைகிறார். நடக்கவில்லை என்பதால் அவருக்கு ஆபத்து குறைவு என எண்ணுவது தவறு. உடல் பழகுவதற்கான நேரம் அவருக்கே மிகக் குறைவு.

2,500 மீட்டருக்கு மேல் விரைந்து ஏறியவர்களுக்கு, பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், பசியின்மை, மிகுந்த களைப்பு ஆகியவை தோன்றலாம். இதனை மலைநோய் என்கிறோம். ஓய்விலும் மூச்சுத்திணறல், ஓயாத இருமல், நுரையோடு கூடிய சளி இருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, மிகுந்த உறக்கம் இருந்தால் மூளையில் வீக்கம் ஏற்பட்டிருக்கலாம். இவ்விரண்டும் உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிப்பவை.

குளிரின் போக்கு வேறு. பொதுவாக ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடல் தன் வெப்பத்தை இன்னும் விரைந்து இழக்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழ் இறங்கும் நிலையே உடல்வெப்பக் குறைவு. முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் பொத்தானைக்கூடப் போட இயலாமல் தடுமாறும், நாக்குக் குழறும், கால் இடறும். இந்நிலையில் நடுக்கம் நின்றுவிட்டால் குளிர் விட்டுவிட்டது என்று மகிழாதீர்கள். உடல் தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

உடனிருப்பவரே முதற்காவல்

இக்கட்டுரையின் உயிர்நாடி இதுதான். மலைநோயும் குளிரும் முதலில் தாக்குவன அறிவின் தெளிவையே. பாதிக்கப்பட்டவர், "எனக்கு ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம்தானே, நடந்துவிடலாம்" என்பார். அந்தச் சொல்லை நம்பாமல் அவருடைய நடையையும் பேச்சையும் கவனிக்க வேண்டியவர் உடன் செல்லும் மகனோ மகளோ துணைவியோதான்.

மலைநோயின் அறிகுறி தோன்றினால் மேலும் ஏறக்கூடாது. அங்கேயே ஓய்வு கொள்ள வேண்டும். ஓய்விலும் குறையவில்லையெனில் கீழே இறங்க வேண்டும். மூச்சுத்திணறலோ தள்ளாட்டமோ குழப்பமோ கண்டால் விடியும்வரை காத்திராமல், பாதையோர மருத்துவ உதவி மையத்தின் துணையுடன் அப்பொழுதே கீழே கொண்டுவர வேண்டும். அவரை நடக்கவிடாமல் டோலியிலோ தூக்குக்கட்டிலிலோ இறக்குவது நன்று. பிராணவாயு உதவும், ஆயினும் இறங்குதலே முதன்மையான சிகிச்சை.

குளிரால் தளர்ந்தவரைக் காற்றில்லாத இடத்தில் அமர்த்தி, ஈர உடைகளைக் களைந்து உலர்ந்தவற்றை அணிவியுங்கள். தரைக்கும் உடலுக்கும் இடையே கம்பளி விரியுங்கள். நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் சூடான இனிப்பு பானம் கொடுங்கள். மது கூடவே கூடாது. மரத்துப்போன விரல்களைத் தேய்ப்பதும், நெருப்பில் காட்டுவதும் தசையை மேலும் சிதைக்கும்.

புறப்படும் முன்

பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் மருத்துவரைக் காணுங்கள். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள், கடும் இரத்தசோகை உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் மருத்துவரின் இசைவின்றிச் செல்லலாகாது. மலைநோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்னும் மாத்திரை சிலருக்குப் பரிந்துரைக்கப்படும். சல்பா மருந்துகளால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் முன்னரே தெரிவியுங்கள். பிறர் சொற்கேட்டுத் தாமாகவே வாங்கி உண்ணாதீர்கள்.

வழக்கமான மாத்திரைகளை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். அவற்றை இரு பங்காக்கி இருவர் பைகளில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் பயனற்றது. ஆகவே அதனைச் சட்டையின் உட்பையில், உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நெடுநடையில் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். கைக்கு எட்டும் இடத்தில் வெல்லமோ கடலைமிட்டாயோ இருக்கட்டும்.

பருத்தி உடை நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. மலையில் அது வியர்வையையும் பனியையும் உறிஞ்சி உடலைக் குளிர்விக்கும். உள்ளே விரைவில் உலரும் உடை, நடுவே கம்பளி, வெளியே மழைக்காப்புச் சட்டை என அடுக்கடுக்காக அணிவதே முறை. பனியில் பட்டுத் தெறிக்கும் கதிர்கள் கண்களைப் புண்ணாக்கும். கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும். பனி உறைந்த கற்படிகளில் ஊன்றுகோல் இன்றியமையாதது.

குப்தகாசியிலோ சோன்பிரயாகையிலோ ஓரிரு இரவுகள் தங்கி, விடியலில் நடையைத் தொடங்குங்கள். தாகமில்லாவிடினும் அவ்வப்போது நீர் அருந்துங்கள். பிற்பகலில் வானம் இருண்டால் அருகிலுள்ள தங்குமிடத்திலேயே நின்றுவிடுங்கள்.

திரும்புதல் தோல்வியன்று

"இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தரிசிக்காமல் திரும்புவதா?" என்னும் எண்ணமே பலரை ஆபத்துக்குள் இட்டுச் செல்கிறது. கயிலை காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர், கால் தேய்ந்து, ஊர்ந்தும் செல்ல இயலாத நிலையில் இறைவனால் திருப்பி அனுப்பப்பட்டார் என்றும், கொள்ளிடத்துக்கு அப்பால் நமக்கு அருகிலுள்ள திருவையாற்றிலேயே அவருக்குக் கயிலைக் காட்சி கிடைத்தது என்றும் பெரியபுராணம் கூறுகிறது. உடல் இடங்கொடாதபோது திரும்புவது பக்திக் குறைவன்று என்பதை இதைவிடத் தெளிவாக உரைக்க இயலாது.

ஆகவே, யார் திரும்பச் சொன்னாலும் மறுபேச்சின்றி அனைவரும் திரும்புவது என்று புறப்படும் முன்பே குடும்பத்தோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மலையின்மேல் அதனைப் பேசுவதற்குரிய தெளிவு நமக்கு இல்லாமற் போகலாம். பயணத் தேதி முடிவானதும் பழைய மருத்துவக் குறிப்பேடுகளுடன், உடன் வருபவரையும் அழைத்துக்கொண்டு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். இருவருக்கும் சேர்த்தே ஆலோசனை வழங்குவோம்.