குருதியின் ஓட்டத்தை உணரும் கலங்கள்

நம் உடல் நிறையில் மூளையின் பங்கு நூற்றுக்கு 2 மாத்திரமே. ஆயினும், உடல் ஓய்ந்திருக்கையிற் செலவாகும் ஒட்சிசனில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கை அதுவே கொள்கின்றது. அதனைக் கொண்டுசெல்லும் குருதிக் கலன்களை வெறுங் குழாய்களென எண்ணுதல் தவறு.

அவற்றின் உட்சுவரில் ஒற்றைப் படையாகப் பரந்துள்ள அகவணிக் கலங்கள், ஓடும் குருதியின் உராய்வை உணர வல்லவை. எவ்வாறெனின், அவற்றின் மென்சவ்வில் பீசோ-1 என்னும் புரதம் வாயில்போல் அமைந்துள்ளது. உராய்வு சவ்வை இழுக்க, வாயில் திறந்து கல்சியம் உட்புகும். கலம் நைத்திரிக் ஒட்சைட்டை வெளிவிடும். சுற்றியுள்ள தசை தளர்ந்து, கலன் விரியும். இவ்வாயிலை ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவினர் 2010 இல் அறிவித்தனர். 2021 இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வாய்க்கால் இரண்டாய்ப் பிரியும் முனையில் வரம்பு அரிக்கப்படுவதை வயலிற் கண்டிருப்பீர்கள். மூளைக் கலன்கள் கிளைக்கும் இடத்தும் அதுவே நிகழ்கின்றது. அங்கே குருதியின் மோதலால் அகவணி நலிய, சுவர் மெலிந்து புடைக்கலாம். புடைப்பு வெடிப்பின் உயிருக்கே ஆபத்து. உயர் குருதியமுக்கமும் புகைத்தலும் அவ்வாபத்தைப் பெருக்குவன.

உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் நோவு தராது வளர்வது. ஆதலின், நோவு வரும்வரை காத்திராது அதனை அளந்தறிதல் நம் கடனாகும்.