ரேடியோ பாதியில் ஏன் நிற்கிறது?



கரண்டில் ஓடும் ரேடியோ சில சமயம் பத்து நிமிஷம் நல்லா பாடும். அப்புறம் திடீர்னு ஊமையாகிவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடியும் பாடும். பவர் சப்ளையில் இருக்கும் மூன்று கால் ரெகுலேட்டர் அதிகமாகச் சூடானால் இப்படி ஆகும். சூடு எல்லை தாண்டினால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை.

சூடு எங்கிருந்து வருகிறது?

6 வோல்ட் ரேடியோவில் 7806 ரெகுலேட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால், நான்கு டயோடும் கண்டன்சரும் தாண்டி 12 வோல்ட் வராது, சுமார் 15.5 வோல்ட் வரும். ஏன்னா, ஏ.சி.யின் உச்ச அளவு 1.414 மடங்கு. அதில் டயோடுகள் 1.4 வோல்ட் எடுத்துக்கொள்ளும். ரேடியோவுக்குத் தேவை 6 வோல்ட்தான். மீதி 9.5 வோல்ட்டையும் ரெகுலேட்டரே சுமக்க வேண்டும். ரேடியோ 0.3 ஆம்பியர் இழுத்தால்,

9.5 × 0.3 = 2.85 வாட்.

இவ்வளவும் சூடுதான்! ஹீட் சிங்க் இல்லாமல் அந்தச் சின்ன ரெகுலேட்டர் இதைத் தாங்காது.

பழுதைப் பிடிப்பது எப்படி?

1. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஹீட் சிங்க் இருக்கிறதா, ஸ்குரு இறுக்கமாக இருக்கிறதா, நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

2. மல்டிமீட்டரால் ரெகுலேட்டருக்குள் வரும் வோல்ட்டை அளக்க வேண்டும். 8 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. ரொம்ப அதிகமாக இருந்தால் டிரான்ஸ்பார்மர் பொருத்தமில்லை.

3. வோல்ட் சரி, ஆனாலும் சுடுகிறதா? ரேடியோ போர்டுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது சுடவில்லை என்றால் போர்டுதான் கரண்டை அதிகம் இழுக்கிறது. அப்போதும் சுட்டால் ரெகுலேட்டரோ, பக்கத்துக் கண்டன்சரோ பழுது.

காரணம் தெரியாமல் புது ரெகுலேட்டர் போட்டால் அதுவும் சுடும். காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை மட்டும் போடுவது மாதிரிதான்!

எச்சரிக்கை: டிரான்ஸ்பார்மரின் ஒரு பக்கம் 230 வோல்ட். உயிருக்கே ஆபத்து. ஆசிரியரோ, தெரிந்த மெக்கானிக்கோ பக்கத்தில் இல்லாமல் அளக்காதீர்கள். ஃபியூஸ் போனால் சாதாக் கம்பியைச் சுற்றாதீர்கள், தீப்பிடிக்கும்.

கணக்குப் போடுங்கள்: 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் மாற்றினால் 11.3 வோல்ட் வரும். அப்போது எத்தனை வாட் சூடு?

விடை: (11.3 – 6) × 0.3 = சுமார் 1.6 வாட். கிட்டத்தட்டப் பாதி குறைந்துவிட்டது! ஆனாலும் ஹீட் சிங்க் வேண்டும்.