குடவோலையும் பிரமாணப் பத்திரமும்

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் போற்றாத தமிழ் மேடை உண்டா? 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தார்கள் என்று பெருமை கொள்கிறோம். ஆனால் அக்கல்வெட்டின் உயிர் குடத்தில் இல்லை. யார் பெயர் குடத்தில் விழலாகாது என்ற விதியில் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் ஓலையில் ஏறக் கூடாது என்றது அவ்விதி. நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே அன்று அந்த உரிமை இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்று 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் வாக்கு உண்டு. எனவே அன்று சபை பிடித்த சல்லடையை இன்று வாக்காளரே பிடிக்க வேண்டும்.

அந்தச் சல்லடை எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1999இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் சிலர் கூடி ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்து வழக்குத் தொடுத்தனர். வேட்பாளரைப் பற்றி அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையைச் சுருக்க அதே ஆண்டு சட்டத் திருத்தம் வந்தது. 2003 மார்ச்சில் நீதிமன்றம் அதைத் தள்ளியது. இன்று வேட்பாளர் ஒவ்வொருவரும் தம்மீதுள்ள குற்ற வழக்குகள், குடும்பத்தின் சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தந்தாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் அதைப் படிக்கலாம்.

படிக்கும்போது நிதானம் வேண்டும். வழக்கு இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். மறியல் வழக்கையும் கொலைமுயற்சி வழக்கையும் ஒரே எண்ணாகக் கூட்டலாமா? எந்தப் பிரிவு, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சென்ற தேர்தலில் காட்டிய சொத்தோடு இன்றைய சொத்தை ஒப்பிட வேண்டும். மேலும், இது வேட்பாளர் தாமே தரும் வாக்குமூலம். பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆயினும் எழுதியதெல்லாம் மெய்யாகிவிடாது. நான் இயற்பியல் மாணவன். ஒரே ஓர் அளவீட்டை நம்பி முடிவு எழுதினால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏற்கமாட்டார்கள். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அவர் என்ன கேட்டார், எப்படி வாக்களித்தார் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

“நம் ஓட்டு ஊரில் இருக்கிறது, இங்கே நமக்கென்ன?” என்பார் நம்மிடையே பலர். வழக்கமாக வசிக்கும் இடத்தில் பெயர் பதிவது சட்டம். விடுதி மாணவர் விடுதி முகவரியிலேயே பதியலாம். இரண்டு இடத்தில் மட்டும் கூடாது. 2024 கோடையில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது அவை தமிழர் வீடு, கன்னடர் வீடு என்று பார்த்தனவா? அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் நகரின் வடக்கு, மத்தி, தெற்குத் தொகுதிகளில் நூற்றுக்கு 55 பேர்கூட வாக்களிக்கவில்லை.

தேர்தலுக்கு முன் ஒரு மாலை நம் சங்கம் கூடட்டும். எல்லா வேட்பாளர் பத்திரங்களையும் எடுத்து வைத்துப் படிப்போம். கன்னடத்தில் உள்ளதைப் பக்கத்து அறைக் கன்னட நண்பரை அழைத்துக் கேட்போம். அவருக்கும் அச்செய்தி வேண்டியதே. யாருக்கு வாக்கு என்பதை எவரும் எவரிடமும் சொல்ல வேண்டாம். எதற்காக அவருக்கு என்பதை மட்டும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள முடிந்தால் போதும்.